கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்

நீ செய்தது அநியாயம். ரெண்டுக்கு ரெண்டு என்று ஆட்டம் நின்றுகொண்டிருக்க, கடைசி நிமிஷத்தில், பந்து கோலைப் பார்த்துப் பறந்துகொண்டிருக்க, மஸ்கட்டிலும் திருப்பூரிலும் பனி கொட்டுகிற எல்லைச் சாவடியிலும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு உன் அடுத்த வரிக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தே, ஒரே ஒரு தட்டுத் தட்டி வாட்ஸப் குழுவை விட்டு வெளியேறினாய். ஆறு வருஷமாகப் பந்து அங்கேயே நிற்கிறது. அதற்கு நீதான் பொறுப்பு. ஆட்டைப் பிடித்து, பல்லைப் பார்த்து, விலை முடித்து, கயிற்றைக் கையில் வாங்கிய பிறகு நடுரோட்டில் அவிழ்த்து விட்டுப் போகிறவனையெல்லாம் சந்தையில் பார்த்திருக்கிறேன், சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டும் இருக்கிறேன், ஆனால் உன்னைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

உன் பெயரை எழுத மாட்டேன். குழுவில் யாருடைய நிஜப் பெயரையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று விதி போட்டது நீ. போட்டவர் போனாலும் விதி இருக்கிறது.

என் பெயரைச் சொல்வதில் எனக்குத் தடையில்லை. நான் சீனியம்மா, கோவில்பட்டி, எட்டயபுரம் ஆட்டுச்சந்தையில் தரகு. அங்கே ஆம்பளைகள் துண்டுக்குள் கையை விட்டு, விரலை அமுக்கி விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாதென்று. முதல் வாரம் ஒருத்தன் என் முன்னால் துண்டை விரித்தான். "துண்டை எடுத்துத் தோள்ல போடும்வே, வாய் இருக்குல்ல, வாயால சொல்லும்" என்றேன். அன்றைக்குச் சந்தையே சிரித்தது. இன்றைக்கு நான் சத்தமாக ஒரு விலை சொன்னால் சந்தை அதைச் சுற்றித்தான் பேசுகிறது. பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. காலேஜ் வாசலை மாணவியாக மிதித்தவள் இல்லை. ஆனால் காலேஜ் ஹாக்கி ஆட்டம் ஒன்றைக்கூட விட்டவளும் இல்லை.

எங்கள் ஊர்க் காலேஜ் ஹாக்கி ரசிகர் குழுவில் சேர நான் கேட்டபோது "எந்த வருஷத்து பேட்ச்?" என்றார்கள். "எத்தனை வருஷம் ஆட்டம் பார்த்திருக்கேன்னு கேளு, சொல்லுதேன்" என்று எழுதினேன். ஆளுக்கொன்றாகச் சட்டம் பேசினார்கள். நீ ஒரு வரி போட்டாய். 'ஆட்டம் பார்ப்பவர்தான் ரசிகர். சேருங்கள்.' அன்றைக்கே சேர்த்துவிட்டார்கள். நீ யார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. குழுவில் உன் பெயர் 'நடுக்கோடு', அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் அது சண்டைக்காரக் குழு. ஜனவரியில் கண் விழிக்கும், மார்ச் கடைசியில் தூங்கிப்போகும், அந்த மூன்று மாதமும் பாளையங்கோட்டைக் காலேஜ்காரர்களைத் திட்டும், அவர்கள் கிடைக்காத நாளில் தங்களுக்குள் திட்டிக்கொள்ளும். ஒருவன் வீட்டில் கல்யாணமா கருமாதியா என்று இன்னொருவனுக்குத் தெரியாது. ஆனால் ஆட்டம் ஆரம்பித்துவிட்டால் அத்தனை வாயும் மூடிக்கொள்ளும், ஏனென்றால் நீ எழுத ஆரம்பித்துவிடுவாய், ஒரு நிமிஷத்துக்கு மூன்று வரி, நாலு வரி, பந்து போகிற வேகத்தில் உன் விரல் போகும், மஸ்கட்டில் கிரேன் மேல் உட்கார்ந்திருக்கும் கனகமணி அதை வாசித்துவிட்டு, கீழே நிற்பவர்களுக்குப் பைத்தியமோ என்று தோன்றும்படி கத்துவான்.

விதிகளில் பெரிய விதி ஒன்று உண்டு. நீ 'விசில்' என்று எழுதும்வரை ஆட்டம் முடியவில்லை. மைதானத்தில் நடுவர் ஊதியிருக்கலாம், பையன்கள் குளித்துவிட்டுப் பரோட்டாக் கடைக்கே போயிருக்கலாம், ஆனால் நீ எழுதும்வரை யாரும் முடிவைச் சொல்லக் கூடாது. வேலியோரம் நின்று நேரில் பார்த்தவன் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி கேட்டால்கூட, "இரு, இன்னும் விசில் வரல" என்பான். அந்த அளவுக்கு அந்த விதியை நாங்கள் மதித்தோம். கெட்டது அங்கேதான்.

அன்றைக்குக் கடைசி ஆட்டம். டிரா ஆனாலே கோப்பை எங்களுக்கு. ஐந்து முப்பத்தாறுக்கு நீ எழுதினாய்: 'நம் பின்வரிசைக்காரன் காலில் பந்து பட்டது. பெனால்டி கார்னர்.' நான் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன், பதினைந்தடி தூரம், ஸ்டிக்கில் பட்டதை என் கண்ணால் பார்த்தேன். நடுவரைத் திட்டினால் வெளியே அனுப்புவார்கள். அதனால் உன்னைத் திட்டினேன். என்ன எழுதினேன் என்று எனக்கு மறக்கவில்லை, உனக்கும் மறந்திருக்காது. 'கண்ணு இருக்கா உனக்கு? நீ முதல்ல மைதானத்துல இருக்கியா? சுத்திப் பாத்துட்டேன், எவனும் டைப் பண்ணல. எங்க ஒளிஞ்சிருக்க? மூஞ்சியக் காட்டு.' எனக்குப் பின்னால் நாற்பது பேர் சேர்ந்துகொண்டார்கள். மூஞ்சியக் காட்டு, மூஞ்சியக் காட்டு. கார்னர் எடுத்தார்கள், தடுத்தார்கள், பந்து திரும்பி வந்தது, ஒருவன் ஓங்கினான். 'அடிக்கிறார்கள். இருதயராஜ் பாய்கிறான்.' அது உன் கடைசி வரி. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்து: நடுக்கோடு வெளியேறினார்.

பந்து நின்றது. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், எங்கள் கோல்கீப்பர் இருதயராஜ் படுத்தபடி நீட்டிய இடது ஷூவின் ஓரத்தில், கோல் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால், அப்படியே நின்றது.

நடுவர் குனிந்து பார்த்தார். விசில் அவர் வாயில் இருந்தது. "கோட்டைத் தாண்டல, வெளியேயும் போகல. ஆட்டம் நடந்துட்டுதான் இருக்கு" என்றார். எல்லோரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். ஆறு மணிக்குத் தாகம் எடுத்தது, டீ வந்தது, இருபத்திரண்டு பேரும் ஸ்டிக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குடித்தார்கள். ஆறே முக்காலுக்குப் பாளையங்கோட்டைக் கோச், "பஸ் போயிரும் சார். எறங்குச்சுன்னா ஒரு போன் போடுங்க" என்று சொல்லிப் பையன்களை அழைத்துக்கொண்டு போனார். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் கொம்பையா அண்ணாச்சி, காக்கா கொத்திவிடக் கூடாதென்று வீட்டிலிருந்து கோழி அடைக்கிற பஞ்சாரத்தைக் கொண்டுவந்து பந்தின் மேல் கவிழ்த்தார். மறுநாள் காலையில் சுண்ணாம்புப் பொடி எடுத்து, இருதயராஜைப் பழையபடி படுக்கச் சொல்லி, அவனைச் சுற்றிக் கோடு போட்டார், தலை, கை, நீட்டின கால் என்று பிசகாமல்.

"அண்ணாச்சி, போலீஸ் போட்ட கோடு மாதிரி இருக்கு" என்றான் அவன்.

"சும்மா கெடலே. நாளைக்கு நீ எங்க கெடந்தன்னு கேள்வி வரும்லா."

டிவிக்காரர்கள் வந்தார்கள். நிற்கிற பந்தில் காட்ட என்ன இருக்கிறது, அசைந்தால் சொல்லுங்கள் என்று போய்விட்டார்கள். ஃபிசிக்ஸ் வாத்தியார் பந்துக்கு மேலும் கீழும் நூலை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கட்டியிருக்கவில்லை என்று பிரின்சிபாலுக்கு எழுதிக் கொடுத்தார். யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள், கொம்பையா அண்ணாச்சி அதைப் பிழிந்து சர்பத் போட்டுக் குடித்தார், அதோடு அதுவும் நின்றது. அடுத்த வருஷம் மைதானத்தை அகலவாக்கில் திருப்பிப் போட்டு ஆடினார்கள், பந்து நிற்கிற கோலை மட்டும் விட்டுவிட்டு.

நம் குழுதான் உட்கார்ந்து யோசித்தது. பந்து என்றைக்காவது இறங்கும். இறங்கும்போது ஒருவராவது கண்ணால் பார்க்க வேண்டும். விசில் வராத ஆட்டத்துக்குச் சாட்சி இல்லாமல் இருக்கக் கூடாது. அதனால் முறை போட்டோம், காலை ஆறு முதல் சாயங்காலம் ஏழு வரை, இரண்டிரண்டு பேராக. ஏழு வருஷம் ஒருவரையொருவர் திட்டிக்கொண்ட ஆட்கள் முதல் தடவையாக முகம் பார்த்தது அந்தப் பந்துக்குப் பக்கத்தில்தான். 'சிங்கக்குட்டி' என்ற பெயரில் எல்லோரையும் கடித்துக் குதறியவர் தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மெலிந்த மனிதர், ப்ளாஸ்கில் சுக்குக் காப்பி கொண்டுவந்து எதிரிக்கும் ஊற்றிக் கொடுத்தார்.

பாளையங்கோட்டைக்காரர்கள் உள்ளே வந்தது இரண்டாம் மாதம். "அடிச்சது எங்க பையன். பந்து எங்களுது" என்று எழுதினார்கள். "நிக்கது எங்க மண்ணு" என்றேன். வாரத்தில் நாலு நாள் கேட்டார்கள். ஒரு நாள் என்றேன். மூன்று என்றார்கள். நான் போனை வைத்துவிட்டு ஆட்டுக்குத் தழை போடப் போனேன், வந்து பார்த்தால் இரண்டு என்று இறங்கியிருந்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் கொடுத்தேன், அந்த இரண்டு நாளும் மதியச் சோறு அவர்கள் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டு. அந்தச் சோறு நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

காலை ஆறு மணிக்கு மஸ்கட்டிலிருந்து கனகமணி கேட்பான்: "பந்து எப்படி இருக்கு?" முறைக்காரர் பஞ்சாரத்தைத் தூக்கி ஒரு போட்டோ எடுத்துப் போடுவார். ஒரு நாள் அவன் திரும்பக் கேட்டான்: "அக்கா, பந்துக்குப் பின்னால சைக்கிள உருட்டிட்டுப் போறது எங்கப்பா. கையில என்ன கட்டு?" விழுந்து கையை முறித்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது, மகன் கவலைப்படுவான் என்று கிழவர் சொல்லவில்லை. அன்றைக்கு மத்தியானம் அவர் வீட்டில் குழு ஆட்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். மறுநாள் போட்டோவில் அவரைச் சிரிக்கச் சொல்லி நிறுத்தினோம். அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற ஊர் ஜனம், அம்மாமார் அப்பாமார், காலை ஆறு மணிக்கு நல்ல சேலையாகக் கட்டி, நல்ல சட்டையாகப் போட்டு, ஏதோ தற்செயலாக நடந்து போகிறவர்கள் போல கோலுக்குப் பின்னால் போக ஆரம்பித்தார்கள், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், மெதுவாக, முகத்தைக் கேமராப் பக்கம் திருப்பிக்கொண்டு. முன்னால் தெளிவாகப் பந்து, பின்னால் கொஞ்சம் மங்கலாக ஊர். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் போட்டோவை விரலால் விரித்து விரித்துத் தங்கள் ஆட்களைத் தேடினார்கள்.

பிறகு யாருக்கு ரத்தம் வேண்டும், யாருக்கு மதுரை ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் வேண்டும், எவன் மகள் பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்டாண்டில் நிற்கிறாள் என்பதெல்லாம் குழுவில் வந்தது. எல்லையில் நிற்கிற ராணுவக்காரனின் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி கண்டபோது கார் ஓட்டிக்கொண்டு போனது பாளையங்கோட்டைக்காரன். கேட்பது மட்டும் அன்றும் இன்றும் அதே வார்த்தைதான். பந்து எப்படி இருக்கு. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்கக் கூச்சப்படுகிற ஜனத்துக்கு அது வசதியாக இருந்தது. நீ ஆரம்பித்த குழு இப்படியாகிவிட்டது என்று உனக்குத் தெரியாது. நீதான் இல்லையே.

எல்லோரும் பந்தோடு பழகிவிட்டோம், ஒருவனைத் தவிர.

இருதயராஜ் அன்றைக்கு மூன்றாம் வருஷ மாணவன். இன்றைக்கு அவனுக்கு இருபத்தேழு வயது. ஆறு வருஷமாக, மழையானாலும் காய்ச்சலானாலும், சாயங்காலம் ஐந்தரைக்கு வருவான், காலில் பேட் கட்டுவான், ஐந்து நாற்பதுக்குச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் படுப்பான், இடது காலை நீட்டுவான், ஒரு நிமிஷம் அசையாமல் கிடப்பான். அந்த நேரத்துக்கு ஊரில் இல்லாமல் போகக் கூடாதென்று ரெண்டு வேலையை விட்டான். "தோத்தாலும் பரவால்லக்கா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். "என் கால்ல பட்டுச்சா இல்லையா? பட்ட மாதிரி இருந்துச்சு. காத்தாவும் இருக்கலாம். அது தெரியாம என்னால வேற எதையும் செய்ய முடியல."

வெள்ளிக்கிழமை முறைக்குப் பாளையங்கோட்டையிலிருந்து வருகிறவள் ஸ்டெல்லா, லேப் டெக்னீஷியன். நாலு வருஷமாக வருகிறாள். முதல் வருஷம் பந்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள், இரண்டாம் வருஷம் இந்தப் பக்கம் வந்தாள், அவன் பேட்டின் வாரை இறுக்கிக் கட்டிவிட்டாள், எங்களுக்கு விஷயம் புரிந்தது. போன மாதம் ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அவனுக்குக் கடிதம் வந்தது, ஹாக்கிக் கோச் வேலை, அங்கேயே வீடு, வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கும் இடம் உண்டு. குழுவே குதித்தது. அவன் மட்டும் கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து ஷூ நூலை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

"நான் இல்லாத நேரமாப் பாத்து எறங்கிருச்சுன்னா?" என்றான்.

"நாங்க அத்தன பேரும் இருக்கோம்லா" என்றேன்.

"கால் என்னுதுக்கா."

ஸ்டெல்லா சாப்பாட்டுத் தூக்கை மூடினாள். "நாலு வருஷமா பந்தப் பாக்கேன்னு சொல்லிட்டு ஒன்னத்தான் பாத்தேன். நீ என்னப் பாக்க வாரேன்னு சொல்லிட்டுப் பந்தத்தான் பாத்த. நான் தனியாப் போறதுன்னாலும் போவேன் இருதயம். ஆனா அழுதுட்டே போவேன், அத மட்டும் தெரிஞ்சுக்கோ" என்றாள். பிறகு மிச்சம் இருந்த அவித்த முட்டையை அவன் கையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அவனுக்குப் பரிசாக என்ன கொடுக்கலாம், அதைக் கையில் கொடுத்தாலாவது கிளம்புவானா என்று யோசித்து, நீ எழுதிய வர்ணனை எல்லாவற்றையும் புத்தகமாகக் கட்டிக் கொடுப்பதென்று முடிவானது. தொகுக்கிற வேலையைக் கனகமணி ஏற்றான். ஏழு வருஷத்து ஆட்டம். பத்து நாள் முன்னால் என்னைக் கூப்பிட்டான், குரலே ஒரு மாதிரி இருந்தது.

"அக்கா, இவரு ஒரு தடவ கூடச் சட்டை நம்பர் சொல்லல. கலர் சொல்லல. 'தள்ளினான்', 'ஓங்கி அடிச்சான்', 'பலகை அதிர்ந்தது, கோல்', 'பலகைச் சத்தம் இல்லை, வெளியே'. முழுக்கச் சத்தம்தான். இவரு பாக்கவே இல்லக்கா. கேட்டுத்தான் எழுதிருக்காரு."

சந்தையில் ஆட்டுக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பாதி பேசிய விலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மைதானத்தின் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ். ஆறாம் வகுப்பிலிருந்து என்னை நிறுத்தி அங்கேதான் லேபிள் ஒட்ட விட்டார்கள், என்னோடு சேர்த்து என் பக்கத்து பெஞ்சுக்காரியையும். சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த ஓட்டை இருந்தது, கண்ணை வைத்தால் மண்மேடு தவிர ஒன்றும் தெரியாது, காதை வைத்தால் மைதானம் முழுக்கக் கேட்கும். நீ காதை வைத்துக்கொண்டே ஒட்டுவாய். தள்ளுவதற்கு ஒரு சத்தம், அடிப்பதற்கு ஒரு சத்தம், கீப்பர் பேட்டில் பட்டால் தொம்மென்று, கோலுக்குப் பின்பலகையில் பட்டால் டமாரென்று. நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். நான் பொறுமை இல்லாமல் உன் இடுப்பில் இடித்து, "யாருடி ஜெயிச்சா, யாருடி ஜெயிச்சா" என்பேன். நீ கையை நீட்டி என் வாயைப் பொத்துவாய், பசை நாற்றம் அடிக்கிற கையால். "விசில் அடிக்கட்டும்டி."

காலில் பட்டால் சத்தம் வராது. ஸ்டிக்கில் பட்டிருந்தால் வந்திருக்கும். பதினைந்தடியில் நின்று நான் பார்த்தது தப்பு, சுவருக்குப் பின்னால் நீ கேட்டது சரி.

பதினேழு வயதில் தீக்குச்சி மருந்து தீப்பிடித்தது. நான் வாசல் பக்கம் இருந்தேன், ஓடினேன். நீ சுவர்ப் பக்கம் இருந்தாய். உன்னை ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை வந்து பார்த்தேன். முகத்தில் கட்டு அவிழ்க்காத பக்கமாக உட்கார்ந்து, அரை மணி நேரம் ஆட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து வந்தேன், பிறகு வரவில்லை. இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று முப்பது வருஷம் ஓடிவிட்டது. எந்த ஆட்டுக்கும் பயப்படாதவள், எந்த ஆளுக்கும் பயப்படாதவள், உன் முகத்துக்குப் பயந்தேன். அந்த முகத்தைத்தான் முந்நூறு பேர் முன்னால் காட்டு காட்டு என்றேன். நீ என்று தெரியாது. தெரியாது என்பதால் சொன்னது சொல்லாததாகிவிடுமா?

உனக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. குழுவில் என் பெயரையே போட்டுத்தானே சேரக் கேட்டேன். 'சேருங்கள்' என்றாயே.

ஆபீஸ் இப்போது பஞ்சுக் குடோன். பழைய வாட்ச்மேனைத் தேடிப் பிடித்தேன். "அந்தம்மாவா? வேல நேரம் முடிஞ்சாலும் சுவத்தோரமாப் போனோட உக்காந்திருக்குமே. ஆறு வருஷம் முந்தி ஒரு சாயங்காலம் படக்குன்னு எந்திரிச்சுது. என்னம்மான்னேன். 'மூஞ்சியக் காட்டணுமாம்ணே'ன்னு சொல்லிச்சு. சிரிச்சுது. மறுநாள்லருந்து வரல. மக வீட்டுக்குப் போயிருச்சுன்னாங்க, கரூர்ப் பக்கம்." உன் பழைய நம்பர் இப்போது யாரோ ஒரு பால்காரரிடம் இருக்கிறது. பாவம், அவரையும் திட்டினேன்.

நேற்று உச்சி வெயிலில் மைதானத்துக்குப் போனேன். கொம்பையா அண்ணாச்சி மட்டும் வேப்பமர நிழலில் இருந்தார். பஞ்சாரத்தைத் தூக்கினேன். என் முந்தானையை எடுத்துப் பந்தின் மேல் போட்டேன், அதற்குள் கையை விட்டேன். இருபத்தெட்டு வருஷத் தரகில் எந்த ஆம்பளையின் துண்டுக்குள்ளும் போகாத கை. வெளியிலிருந்து பார்த்தால் பந்து நிற்கிறது. கையை வைத்தால் அது நிற்கவில்லையடி, சுற்றிக்கொண்டிருக்கிறது, அந்த இடத்திலேயே, கதகதப்பாக, அடித்தவன் கொடுத்த வேகம் கொஞ்சமும் குறையாமல். அதற்குப் போகத்தான் ஆசை. விரலை அமுக்கினேன், மனசுக்குள் விலை சொன்னேன். நாங்கள் தோற்கிறோம், கோப்பையை எடுத்துக்கொள், இறங்கு என்றேன். அசையவில்லை. இனி வாழ்நாள் முழுக்க யாரையும் திட்டுவதில்லை என்றேன். பொய் என்று அதற்கே தெரிந்திருக்கும், அசையவில்லை. பிறகு எதைச் சொல்லக் கூடாதென்று முப்பது வருஷமாக வைத்திருந்தேனோ அதைச் சொன்னேன். தப்பு என்னுது. முதலில் ஓடினது நான்.

கைக்குள் அது சிலிர்த்தது. ஆட்டுக்குட்டியைத் தடவினால் முதுகு சிலிர்க்குமே, அதே மாதிரி. அண்ணாச்சி சுண்ணாம்புக் கோடு போடுகிற கயிற்றைக் கொண்டுவந்து பிடித்துப் பார்த்தார், ஒரு தடவைக்கு ரெண்டு தடவை.

"ஏத்தா, நகந்திருக்கு. நூல் அளவு. கோட்டப் பாத்து."

"அவ்வளவுதானா?"

"ஒன் பங்கு அவ்வளவுதான் போல" என்றார்.

எந்தச் சந்தையிலும் நான் முதலில் இறங்கியதில்லை. இந்தத் தடவை இறங்கிவிட்டேன், முந்தானைக்குள் சொன்னதை இங்கே வெளிச்சத்தில், எல்லோரும் வாசிக்க எழுதியும்விட்டேன். கரூரில் குழு ஆட்கள் பதினோரு பேர் இருக்கிறார்கள், இது உன் கைக்கு வந்து சேரும். அதனால் இனி நீ இறங்கு.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. இருதயராஜ் இதுதான் கடைசித் தடவை என்று சொல்லிப் படுக்கப்போகிறான். படுத்துவிட்டு எழுந்து ஸ்டெல்லாவோடு ஊட்டி பஸ் ஏறுவானா, பேட்டை அவிழ்த்துவிட்டு மறுநாளும் வருவானா என்பது இப்போது அவன் கையில் இல்லை. ஐந்து முப்பத்தைந்துக்கு நடுவர் விசிலோடு வருவார். கொம்பையா அண்ணாச்சி ஒரு போனைப் பலகைக்குப் பக்கத்தில் வைப்பார், குழுவில் போன் அழைப்பு திறந்திருக்கும், ஊரில் ஒரு ஜீவன் பேசாது, நான் உட்பட. கரூரில் இருந்து கேட்பதானால் கேள். வருவதானால், குடோன்காரனிடம் சாவி வாங்கி வைத்திருக்கிறேன், செங்கல் ஓட்டையைத் துடைத்து வைத்திருக்கிறேன், அதன் பக்கத்தில் ரெண்டு பேர் உட்காரச் சாக்கு விரித்திருக்கிறேன். நான் நாலு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுவேன். முகத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக்கொள். நான் பார்ப்பேன், எழுந்து ஓட மாட்டேன்.

தொம்மென்று கேட்டதா, டமாரென்று கேட்டதா. உன் காது சொன்னால் அதுதான் தீர்ப்பு, எங்கள் கோப்பை போனாலும் வாயைத் திறக்க மாட்டேன். ஆறு வருஷம் அந்தப் பையனைக் கிடக்க வைத்துவிட்டாய், நானும் உன்னை முப்பது வருஷம் கிடக்க வைத்துவிட்டேன், ரெண்டுக்கு ரெண்டு. போதும். ஆட்டத்தை முடி.

காதை வை. கேட்டதை எழுது. விசிலைப் போடுட்டி.